பன்னிரண்டை ஐந்தாக்கும் பலகைகள்

கடையத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சாரல் காலத்தில் மின்சாரம் நின்றால் தானே எரியும்படி, அவருடைய மகன் 5 வோல்ட் எல்.இ.டி. விளக்கொன்றைச் செய்தானாம். கையிலிருந்ததோ 12 வோல்ட் பேட்டரி. அழுத்தத்தைக் குறைக்க நூறு ரூபாய்க்கும் குறைந்த சிறு பலகை ஒன்றை வாங்கி இணைத்ததும், பல நாள் உழைத்துச் செய்த சுற்று கருகிவிட்டது. "மலிவுப் பொருளை வாங்கியதுதான் தவறா? இனி இவனுக்கு வாப்பா அனுப்பும் காசைக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

கொடுக்கலாம் சகோதரி. பலகை பெரும்பாலும் பழுதில்லாததாகவே இருக்கும். வெளிவரும் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு திருகு உண்டு. கடையிலிருந்து வரும்போது அது எந்த நிலையில் இருக்குமென்று சொல்ல முடியாது. 12 உள்ளே போனால் 11 வெளியே வரவும் கூடும். 5 வோல்ட் சுற்று அதைத் தாங்குமா?

முன்பு இவ்வேலைக்கு 7805 என்னும் மூன்று கால் சில்லைப் பயன்படுத்தினோம். மிகுதி அழுத்தத்தை அது வெப்பமாக்கித் தொலைத்துவிடும். 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுத்தால் பயன் 5 வாட்; சூடு 7 வாட்! இப்பலகைகள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிச் சுருளில் தேக்கி வெளியே விடுகின்றன. அதே 5 வாட்டுக்கு ஏறத்தாழ 6 வாட்தான் செலவு. 7 மணி நேரத்தில் தீரும் பேட்டரி, கணக்களவில் 14 மணி நேரம் வரும்.

சென்னை ரிச்சி தெருவிலும் தபாலிலும் கிடைப்பவற்றுள் எல்.எம்.2596 பலகையே பழகுபவருக்கு ஏற்றது. திருகு பல சுற்றுச் சுற்றும். நிதானமாக அளவு வைக்கலாம். 3 ஆம்பியர் என்று விற்பார்கள். வெப்பத்தகடு இல்லாமல் 2க்கு மேல் நம்ப வேண்டாம். இதில் போலியும் உலவுகிறது. 150 கிலோஹெர்ட்ஸில் வெட்ட வேண்டிய சில்லின் பெயரை, 52இல் வெட்டும் பழைய வகையின் மேல் அச்சிட்டு விடுகிறார்கள். மிகுந்த சூடு அதன் அடையாளங்களுள் ஒன்று.

எம்.பி.1584 பலகை கட்டைவிரல் நகத்தளவே. 28 வோல்ட் வரை தாங்கும். அதன் திருகை மயிரிழை அசைத்தாலும் வோல்ட் தாவிவிடும். மினி-360 இன்னும் சிறியது. அதன் எல்லை 23 வோல்ட். 12 வோல்ட் என்று விற்கும் சூரியத் தகடு, சுமையில்லாத வெயிலில் 21, 22 வோல்ட் காட்டும். தகட்டோடு நேரே இணைக்க நினைப்பவர் மினியைத் தவிர்ப்பதே நல்லது. எக்ஸ்.எல்.4015, 5 ஆம்பியருக்கானது. ஒரு விளக்குக்கு அது யானைக் கவளம்.

எதை வாங்கினாலும் முதலில் பேட்டரியை மட்டும், கூட்டல் கழித்தல் மாறாமல் இணைக்கட்டும். மாறினால் இவற்றுக்குக் காப்பு இல்லை. வெளிமுனையில் மல்டிமீட்டரை வைத்து, 5 காட்டும்வரை திருகட்டும். எல்.எம். பலகையில் பத்துச் சுற்றுச் சுற்றியும் முள் அசையாதிருக்கலாம். பழுதென்று எறிந்துவிட வேண்டாம், மேலும் சுற்றட்டும். அதன் பிறகே விளக்கை இணைக்கலாம். சுவரிலுள்ள 230 வோல்ட்டை இவற்றின் அருகே கொண்டுவரவே கூடாது. வீட்டில் மீட்டர் இல்லையென்றால், அடுத்த பலகைக்கு முன் அதை வாங்கிக் கொடுங்கள்.