சீலோவாம் கோபுரமும் நடூர்ச் சுவரும்



நம்முடைய பகுதியில் ஒரு வாக்கியம் வேதவசனத்துக்குச் சமமாக நடமாடுகிறது. வேதாகமத்தில் எங்கே தேடினாலும் அது கிடைக்காது. உண்மையான விசுவாசிக்குக் கவலை வராது, வந்தால் அவன் விசுவாசத்தில் ஏதோ குறையிருக்கிறது என்பதே அது. கன்வென்ஷன் மேடையில் சத்தமாக ஒலிக்கிறது. ரோஜாப்பூப் படத்தின்மேல் எழுதப்பட்டு விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வந்து சேருகிறது. தறி நின்றுபோன வீட்டுக்கும், நாளைய குழுக்கடன் தவணைக்குப் பணமில்லாத வீட்டுக்கும், குடித்துவிட்டு வரும் மகனுக்காக ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருக்கும் வீட்டுக்கும் ஆறுதல் சொல்லப் போகிறவர்களே அதைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். அது சுவிசேஷத்துக்கு விரோதமானது என்று சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன்.

2019 டிசம்பர் 2 அதிகாலையில் நமக்கு அடுத்த ஊரான மேட்டுப்பாளையத்தில் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. நடூரில் கனமழையில் ஊறி நின்ற ஏறக்குறைய இருபது அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர், உறங்கிக்கொண்டிருந்த ஏழைகளின் வீடுகள்மேல் சரிந்தது. பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பதினேழு பேர் மாண்டார்கள். பட்டியல் சமூகத்து மக்கள் வாழ்ந்த தெரு அது. சுவரைப்பற்றி அவர்கள் முன்னமே முறையிட்டிருந்ததாக அன்றைய செய்திகள் தெரிவித்தன.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தை இந்தச் செய்தியின் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டிருந்தார்கள். அவர்கள் மற்ற எல்லாரிலும் பெரிய குற்றவாளிகளாயிருந்திருப்பார்கள் என்ற எண்ணம் மக்கள் மனதில் ஓடியது. ஆண்டவர் அதை ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். மனந்திரும்புங்கள் என்றும் அவர் சொன்னார். ஆனால் யாரிடம் சொன்னார்? மாண்டவர்களின் வீட்டாரிடம் அல்ல, எட்ட நின்று காரணம் கற்பித்துக்கொண்டிருந்தவர்களிடம். நம்மிடையே அந்த எச்சரிப்பு திசைமாறிப்போயிற்று. பாடுபடுகிறவனை நோக்கியே நாம் விரல் நீட்டுகிறோம்.

இதில் இன்னொரு தீமையும் மறைந்திருக்கிறது. சுவர் விழுந்ததற்குச் செத்தவர்களின் குற்றமே காரணம் என்றால், சுவரைக் கட்டினவரிடமும் முறையீட்டைக் கேட்க வேண்டியவர்களிடமும் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. தறிக்காரரின் கவலையும் அப்படித்தான். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலி விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். மின்கட்டணமும் உதிரிபாக விலையும் ஏறிக்கொண்டே போக, கூலி மட்டும் பழைய ஒப்பந்தத்திலேயே நின்றிருந்தது. அந்த வீடுகளில் உறக்கமில்லாமல் போனதை அவிசுவாசம் என்று ஒருவர் பெயரிட்டால், அவர் அந்தக் கூலிக் கணக்கைப் பார்க்க மறுக்கிறார் என்றே பொருள்.

"கவலைப்படாதிருங்கள் என்று வசனம் சொல்லவில்லையா, பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். சொல்லுகிறது. மத்தேயு 6-லும் பிலிப்பியர் 4-லும் இருக்கிறது. ஆனால் யாருக்கு, எப்படிச் சொல்லப்பட்டது? ஆண்டவருடைய மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் நாளைய உணவுக்கும் உடைக்கும் திண்டாடினவர்கள். இவை உங்களுக்குத் தேவையென்று பரமபிதா அறிந்திருக்கிறார் என்பதே அவர் கொடுத்த காரணம். தேவையை அவர் பழிக்கவில்லை. பிலிப்பியருக்குக் கவலையை விலக்கச் சொன்ன அதே நிருபத்தில், எப்பாப்பிரோதீத்து மரித்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் தனக்கு வந்திருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். கிரேக்க மூலத்தைப் பார்த்தால் இன்னும் வியப்பாயிருக்கும். பிலிப்பியர் 4:6-ல் வேண்டாமென்று தடுக்கும் அதே வினைச்சொல்லைத்தான், 2:20-ல் தீமோத்தேயு சபையைக்குறித்து உண்மையாய் அக்கறைப்படுகிறான் என்று புகழ்வதற்கும் அவர் எடுக்கிறார். எல்லாச் சபைகளையும் பற்றித் தன்னை நாள்தோறும் நெருக்கும் கவலையை 2 கொரிந்தியர் 11-ல் சொல்லும்போது வருவதும் அந்த வேரிலிருந்து பிறந்த சொல்தான். அந்தக் கவலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதையே பிலிப்பியர் 4 கற்பிக்கிறது. கெத்செமனேயில் நம் ஆண்டவர் மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டார் என்று மாற்கு எழுதியிருக்க, நமக்கு மட்டும் நடுக்கமே வரக்கூடாது என்று சட்டமியற்ற நாம் யார்?

எலியாவைப் பாருங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கின தீர்க்கதரிசி, யேசபேலின் மிரட்டலுக்குப்பின் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். பரலோகத்திலிருந்து உடனே ஒரு பிரசங்கம் வரவில்லை. தூதன் தட்டியெழுப்பினான், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தவரை அவன் கடிந்துகொள்ளவில்லை, இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கேள்வி கேட்கப்பட்டதெல்லாம் பிறகு, ஓரேபில்தான். முடிவில் எலிசா என்னும் துணையும் கொடுக்கப்பட்டது. நம்மில் பலர் அடையை மறந்துவிட்டு நேரே ஓரேபுக்குப் போய்விடுகிறோம்.

கடனில் மூழ்கினவரிடம் 'விதைக் காணிக்கை' கேட்கிறவர்களைப்பற்றியும் எழுதாமலிருக்க முடியாது. சாறிபாத் விதவையின் கடைசி மாவை எலியா கேட்கவில்லையா என்பார்கள். கேட்டார். ஆனால் வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போகவில்லை. அதே வீட்டில், அதே பானையிலிருந்து, பஞ்சகாலத்தில் அவர்களோடு சாப்பிட்டார். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்தபோது அழுத விதவையிடம் எலிசா என்ன கேட்டார் என்று 2 இராஜாக்கள் 4-ல் பாருங்கள். காணிக்கை கேட்கவில்லை, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எண்ணெய் பெருகின பிறகும் தனக்கென்று ஒரு குடம் எடுக்கவில்லை. விற்றுக் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு பிள்ளைகளோடு பிழைக்கச் சொன்னார். நகையை அடகு வைத்துக் காணிக்கை கொடுத்தால் கடன் அற்புதமாய்த் தீரும் என்று உங்களிடம் ஒருவர் சொன்னால், இந்த அதிகாரத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள்.

மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்கிறவர்கள் வேறு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர்கள் சாப்பிடுகிறார்கள்; மனச்சோர்வுக்கு மட்டும்தான் கூடாதாம்! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-லேயே பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன்தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை அங்கே வளர்ந்தது. ஜெபிக்கிற மக்கள் கட்டின மருத்துவமனை அது. டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து காயப்பட்டபின், 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிகிறவர் யார்?

அப்படியானால் கர்த்தரை நம்புவது என்றால் என்ன என்று ஒரு சகோதரி கேட்டார்கள். 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னேன். ஏமான் இரவும் பகலும் கூப்பிடுகிறான். பதில் வந்ததாக ஒரு வரியும் இல்லை. பாட்டு இருளிலேயே முடிகிறது. ஆனாலும் யாரைப் பார்த்து முறையிடுகிறான்? தன்னைக் கைவிட்டதாக அவன் நினைக்கிற அதே தேவனைப் பார்த்துத்தான், தன் இரட்சிப்பின் தேவன் என்று அழைத்தே. அந்தப் புலம்பலை ஆலயத்தில் பாடும்படி பரிசுத்த ஆவியானவர் சங்கீதங்களின் நடுவில் வைத்திருக்கிறார். உறக்கம் வராத இரவில் நீங்கள் சொல்லும் இரண்டு வார்த்தை ஜெபத்தையும் அவர் தள்ளமாட்டார்.

இந்த வாரம் வீடு சந்திக்கப் போகிறவர்கள் முதலில் உட்கார்ந்து கேளுங்கள். அரிசி இருக்கிறதா, தவணை என்றைக்கு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரித்து, கையில் எதையாவது கொண்டுபோங்கள். வசனத்தைப் பிறகு வாசிக்கலாம். சாக வேண்டும்போலிருக்கிறது என்று யாராவது வாய்திறந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். இரவானாலும் என்னை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சபை அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைத்திருக்கிறோம்.