தவறவிட்டால் லாபமா?

ஆனேக்கலில் ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் பையன்களுக்குப் பந்து உயரே எழும்பினால் ஒரே கணக்குதான்: பிடித்தால் அவுட், விட்டால் திட்டு. பேஸ்பாலில் கணக்கு வேறு. கைக்கு வரும் பந்தை வேண்டுமென்றே கீழே விட்டால் ஒருவருக்குப் பதில் இருவரை வெளியேற்றிவிடலாம். இந்தத் தந்திரத்துக்கு 1890களில் போடப்பட்ட பூட்டுதான் 'இன்ஃபீல்ட் ஃப்ளை' விதி.

முதல், இரண்டாம் தளங்களில் ஓட்டக்காரர்கள் நிற்கிறார்கள். பந்து தளங்களுக்கு அருகிலேயே உயரே எழும்புகிறது. பிடிபட்டால் இருவரும் தத்தம் தளத்தில் இருந்தாக வேண்டும், விலகியிருந்தால் அவுட். தரையில் விழுந்தாலோ அடித்தவர் முதல் தளத்துக்கு ஓட வேண்டும். முன்னால் நிற்பவர்கள் இடத்தைக் காலி செய்தே தீர வேண்டும். ஓடினால் ஃபீல்டர் பிடித்துவிடுவார், நின்றால் நழுவவிடுவார். இரண்டிலும் மாட்டிக்கொள்வது ஓட்டக்காரர்கள்தான்.

அதனால் பந்து மேலே இருக்கும்போதே நடுவர் கையை உயர்த்துகிறார். பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட். மற்றவர்கள் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. முதலிரண்டு தளங்களிலோ மூன்றிலுமோ ஆள் இருந்து, இருவர் அவுட் ஆகாத நிலையில் மட்டுமே இந்த விதி செல்லும்.

சிக்கல் ஒரு சொற்றொடரில் இருக்கிறது: 'சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய' பந்து. எது சாதாரணம்? அக்டோபர் 5, 2012 அன்று அட்லாண்டாவில் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தில் பிரேவ்ஸ் அணி 3-6 எனப் பின்தங்கியிருந்தது. உள்வட்டத்தைத் தாண்டி வெகுதூரம் போன பந்து இரண்டு செயின்ட் லூயிஸ் வீரர்களுக்கு நடுவே விழுந்தது. நடுவர் சாம் ஹோல்புரூக் இந்த விதியைக் காட்டி அவுட் கொடுத்தார். ரசிகர்கள் பாட்டில்களை வீச, ஆட்டம் 19 நிமிடம் நின்றது. ஸ்கோர் மாறவில்லை. பிரேவ்ஸின் அந்த வருட ஆட்டமும், நட்சத்திர வீரர் சிப்பர் ஜோன்ஸின் விளையாட்டு வாழ்க்கையும் அன்றே முடிந்தன.

கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கு ஒரு விக்கெட்தான். ஓட வேண்டிய கட்டாயமும் கிடையாது. எனவே இந்தத் தந்திரத்துக்கு அங்கே வேலையில்லை. ஆனால் வேறு பாசாங்கு உண்டு. கையில் இல்லாத பந்தை எறிவதுபோல் நடித்தால் ஐந்து ரன் அபராதம் என்ற விதி 2017இல் வந்தது. அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் மார்னஸ் லபுஷேன் அதில் சிக்கினார்.

இரு ஆட்டங்களும் சொல்வது ஒன்றே: எதிராளியைத் திறமையால் வெல்லலாம், தோற்பதுபோல் நடித்து வெல்லக் கூடாது. எது நடிப்பு, எது நிஜமான தடுமாற்றம் என்பதைத்தான் எந்த விதிப் புத்தகத்தாலும் முழுதாகச் சொல்லிவிட முடியவில்லை.