'போர்டு போச்சு தம்பி!'

எங்க வீட்டுல ஒரு பழைய பென்டியம் 4 கிடக்கு. 2003-ல சித்தப்பா வாங்கினது. இன்னும் ஏன்டா இதைத் தூக்கிப் போடலைன்னு கேட்காத ஆளே இல்லை. காரணம், பின்னாடி இருக்குற நீல நிற லைன்-இன் ஓட்டை. எங்க ஆயா பாடின தாலாட்டு ஒரே ஒரு கேசட்டுலதான் இருக்கு. டேப் ரிக்கார்டரை இதுல சொருகினா ரெண்டு சேனலும் ஒழுங்கா பதிவாகும். என் லேப்டாப்புல அந்த வசதி கிடையாது.

பதிவு பண்ண உட்கார்ந்தா, வலது பக்கம் சத்தமே வரலை. இடது பக்கம் ஒரே இரைச்சல். கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் கேபினட்டைத் திறக்கக்கூட இல்லை. "சவுண்டு ஐசி அவுட்டு. போர்டு போச்சு தம்பி, புதுசு வாங்கிக்கோ"ன்னுட்டார்.

மனசு கேக்கலை. முதல்ல ஒரு லினக்ஸ் சிடியில பூட் பண்ணிப் பார்த்தேன். அதுலயும் அதே கதை. அப்போ டிரைவர் கோளாறு இல்லை, போர்டுலதான் ஏதோ இருக்கு.

இங்கதான் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இன்டெல் 1997-ல கொண்டுவந்த ஏசி'97 முறையில, சவுண்டு சிப்புல இருந்து வர்ற சத்தம் நேரா பின்பக்க ஓட்டைக்குப் போகாது. கேபினட் முன்பக்க ஹெட்போனுக்குன்னு போர்டுல இருக்குற பின் வரிசைக்கு வந்துட்டுத்தான் பின்னாடி போகும். முன்பக்க வயர் மாட்டலைன்னா 5-6, 9-10 பின்களை ரெண்டு ஜம்பரால இணைச்சிருக்கணும். 5-6 வலது, 9-10 இடது. என் போர்டுல 5-6 பின் பச்சை பூத்துக் கிடந்தது. நெம்மேலியில ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். உப்புக்காத்துக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, இது எம்மாத்திரம்? சுத்தம் பண்ணி வேற ஜம்பர் போட்டதும் வலது பக்கம் உயிர் வந்துடுச்சு.

இரைச்சலுக்குக் காரணம், சிப் பக்கத்துல உப்பியிருந்த ஒரு கெபாசிட்டர். 2000-களின் தொடக்கத்துல வந்த போர்டுகள்ல இது உலகம் முழுக்க இருந்த வியாதி. டெல் கம்பெனியே 2005-ல இதுக்காக 30 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்ல ஒண்ணு வாங்கி, பழசு எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே மாதிரி சால்டர் பண்ணேன். மொத்தச் செலவு ஒரு டீ, வடை காசு.

கடைக்காரரைத் திட்டத்தான் இதை எழுத ஆரம்பிச்சேன். ஆனா காமர்ஸ் படிக்கிறவனா யோசிச்சா தப்பு நம்ம மேலதான். கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு சாயங்காலம் ஆச்சு. அவர் அதுல பாதி நேரம் செலவு பண்ணி, "ஜம்பர் மாத்தினேன், 300 ரூபாய் குடுங்க"ன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனா? "அஞ்சு பைசா ஜம்பருக்கு 300-ஆ?"ன்னு சண்டை போட்டிருப்பேன். ஆனா ஆயிரக்கணக்குல புது போர்டுன்னா முணுமுணுக்காம குடுக்கறோம். நாம பொருளுக்குத்தான் காசு தர்றோம், மூளைக்குத் தர்றதில்லை. அப்புறம் யார் திறந்து பார்ப்பாங்க?

2013 கம்பெனி சட்டம் கம்ப்யூட்டருக்கு 3 வருஷம்தான் ஆயுசு போட்டிருக்கு. அது செலவைப் பிரிச்சு எழுதறதுக்கான கணக்கு, இறப்புச் சான்றிதழ் இல்லை. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்குன்னு தனி இணையதளமே திறந்துச்சு. நல்லதுதான். ஆனா 20 வருஷப் பழைய போர்டுக்கு எந்தக் கம்பெனி வந்து பதில் சொல்லும்? அதுக்குப் பக்கத்துத் தெரு மெக்கானிக்தான் கதி.

நிஜமாவே ஐசி போயிருந்தா மாத்தித்தான் ஆகணும், அதை மறுக்கலை. ஆனா அடுத்த தடவை கடைக்குப் போறப்ப, "எவ்வளவு ஆகும்?"னு கேக்கறதுக்கு முன்னாடி, "அண்ணே, திறந்து பாருங்க, பார்க்கறதுக்குத் தனியா காசு தர்றேன்"னு சொல்லிப் பாருங்க.

ஆயா தாலாட்டு பதிவாயிடுச்சு. ரெண்டு காதுலயும் கேக்குது.