இரட்டை எழுத்தின் உண்மை
1955இல் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை அடித்த லிங்கன் ஒரு சென்ட் காசுகள் சிலவற்றில் ஆண்டும் வாசகங்களும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரிவதற்குக் காரணம், காசை அடிக்கும் அச்சை உருவாக்க மூல அச்சை அதன்மீது மீண்டும் அழுத்தியபோது அவ்வழுத்தம் சற்றே திரும்பி விழுந்ததாகும். பிழை அச்சிலேயே பதிந்துவிட்டதால், அதில் பிறந்த ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு அதே இடத்தில் நிற்கும். இரு உருவங்களும் திரட்சியோடு விளங்க, எழுத்து முனைகளில் பிளவு தெரியும். அடிக்கும் கணத்தில் தளர்ந்த அச்சு அசைவதால் நேரும் இயந்திர இரட்டிப்போ எழுத்தின் விளிம்பைத் தட்டையாக நசுக்கி, அதன் அகலத்தையே குறைத்துவிடுகிறது. தேய்ந்த அச்சினால் ஆண்டின் கடைசி 5 மட்டும் மங்கலாக இரட்டித்த காசுகளும் அதே ஆண்டில் உண்டு. அவற்றை அரிய பிழையென்று விலைகூறுவது, உருப்பெருக்கியை இப்போதுதான் கையிலெடுத்த இளம் சேகரிப்பாளருக்கு இழைக்கப்படும் அநீதியே.