கிறுக்கிய புத்தகங்களைத்தான் நான் சேர்க்கிறேன்

என் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் பதினேழு புத்தகங்கள். பதினேழும் ஒரே அம்மையார் எழுதியவை, பதினேழும் சிறுவர் கதைகள். எழுபத்து நான்கு வயதில் இது என்ன பைத்தியம் என்று கேட்காத உறவினர் இல்லை. சொல்கிறேன், கேளுங்கள். கூடவே ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சு வழியில் படித்த புதுவைக்காரர்களுக்கு கோம்தெஸ் த செகூர் என்ற பெயர் நினைவிருக்கும். கோம்தெஸ் என்பது பிரபுப் பட்டம். பிறந்த ஊர் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஆண்டு 1799. 1812இல் நெப்போலியன் படை மாஸ்கோவுக்குள் நுழைந்தபோது அந்த நகரின் ஆளுநராக இருந்த ரோஸ்தோப்சின் இவருடைய தந்தை. பிறகு குடும்பம் பிரான்சுக்குப் போயிற்று. சோஃபி அங்கே ஒரு பிரபுவைக் கைப்பிடித்து, எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, நார்மண்டியில் ஒரு மாளிகையில் வாழ்ந்தார்.

எழுத ஆரம்பித்தது ஐம்பது வயதுக்கு மேல்தான். மகள் வயிற்றுப் பேத்திகள் கமீய், மத்லேன் இருவரும் தகப்பனாரின் உத்தியோகத்தால் லண்டனுக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்ன கதைகளை இனி யாருக்குச் சொல்வது? பாட்டி எழுத உட்கார்ந்தார். முதல் புத்தகம் வந்தபோது அவருக்கு 57 வயது. 1874இல் இறப்பதற்குள் இருபது புத்தகங்கள் அளவுக்கு எழுதிவிட்டார். பேத்திகளின் பெயர்களையே பாத்திரங்களுக்கும் வைத்தார். நம்மில் எத்தனை பேருக்குப் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அம்மாள் அந்நியமாகத் தெரியமாட்டார்.

1960இல் எனக்கு ஒன்பது வயது. பள்ளிப் பரிசளிப்பு விழாவில் மதாம் என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். சிவப்புத் துணி அட்டை, பொன் எழுத்து. அப்போதே அது பழசு. பள்ளி அலமாரியில் எத்தனை ஆண்டு கிடந்ததோ! 'மெமுவார் தன் ஆன்', அதாவது 'ஒரு கழுதையின் நினைவுகள்'. கதிஷோன் என்கிற கழுதை தன் கதையைத் தானே சொல்கிறது. அடிபடுகிறது, ஓடிப்போகிறது, பழிவாங்குகிறது, பிறகு வருந்துகிறது.

என் அப்பா தையல்காரர். வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. இராத்திரி அரிக்கேன் விளக்கடியில் நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்து ஆயாவுக்குத் தமிழில் சொல்வேன். "கழுதைக்கு வாய் வந்தா நம்ம வண்டவாளமெல்லாம் வெளிய வந்துடும்டா" என்று ஆயா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. நான் உத்தியோகத்தில் சேர்வதற்குள் அந்தப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. அட்டை மட்டும்தான் மிஞ்சியது.

1962இல் பிரான்சு முறைப்படி புதுவையை ஒப்படைத்த பிறகும், அதற்குப் பின்னும், பல குடும்பங்கள் பிரான்சுக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருந்தன. வீட்டைக் காலி செய்கிறவர்கள் முதலில் தள்ளிவிடுவது புத்தகங்களைத்தான். 1984இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் பழைய பூட்டுகளுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் நடுவே ஒரு சிவப்பு அட்டையைப் பார்த்தேன். அதே கதிஷோன். எட்டு ரூபாய் சொன்னான். பேரம் பேசாமல் கொடுத்தேன். அங்கே ஆரம்பித்ததுதான் இந்தச் சேர்க்கை.

சேர்க்க ஆரம்பித்தால் குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டு வரிசை எண், வாங்கிய தேதி, விலை, நிலை எல்லாம் எழுதிவந்தேன். அஷெத் என்ற பதிப்பகம் 'பிப்லியோதேக் ரோஸ்', ரோஜா நிற நூல் வரிசை, என்று ஒன்றை 1850களில் தொடங்கியது. அம்மையாரின் கதைகள் அதில்தான் வந்தன. பழைய அச்சில் தலைப்புப் பக்கத்தின் அடியில் ஆண்டு இருக்கும், அதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது படங்கள். மரத்தில் செதுக்கி அச்சிட்டவை. கழுதைக் கதைக்குப் படம் போட்டவர் ஓராஸ் கஸ்தெல்லி. படப் பக்கம் கிழிபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். நம் கடற்கரை ஈரத்தில் தாள் பழுப்புப் புள்ளி கண்டுவிடும், இராமபாணப் பூச்சி ஓட்டை போடும். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் வைத்தேன். மாதம் ஒரு நாள் எல்லாவற்றையும் நிழலில் காற்றாடப் பரப்பினேன். அலமாரிக்குப் பூட்டும் போட்டேன்.

அந்தப் பூட்டில்தான் தப்பு ஆரம்பித்தது.

பழம்புத்தக வியாபாரத்தில் ஒரு கணக்கு உண்டு. அட்டை மங்காமல், முனை மடங்காமல், உள்ளே யார் பெயரும் எழுதாமல் இருந்தால் நல்ல விலை. குழந்தை கிறுக்கியிருந்தால் பாதி விலை. பாரிசில் ஒரு கடைக்காரருக்கு நான் கடிதம் எழுதிக் கேட்டபோது, அவரும் பென்சில் கோடுகளைக் குறையாகத்தான் பட்டியலிட்டார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

1989இல் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால், அலமாரி திறந்து கிடக்கிறது. எட்டு வயது மகன் தரையில் உட்கார்ந்து கதிஷோனுக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறான். கையில் கிடைத்த ஸ்கேலால் அடித்தேன். மூன்று அடியோ நான்கோ. என்ன புத்தகம் அது? அடிபட்ட ஒரு கழுதையின் கதை! அன்று அது எனக்கு உறைக்கவில்லை. அழிரப்பர் வைத்துத் தேய்த்து, தாள் கிழிந்ததுதான் மிச்சம். பையன் அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கமே வரவில்லை. பிரெஞ்சும் படிக்கவில்லை. கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போன பிறகு, பிழைப்புக்காக முப்பது வயதில் படித்தான்.

போன ஆண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்திக்கு ஒன்பது வயது. எந்தப் புத்தகத்தை எடுத்தாள் தெரியுமா? சுத்தமாக வைத்திருந்த பத்துப் பன்னிரண்டையும் விட்டுவிட்டு அந்தப் பச்சைக் கழுதையைத்தான். "இது யார் பண்ணினது தாத்தா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொன்னான்: "நான்தான். தாத்தா ஸ்கேலால் அடிச்சார்." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான். எனக்குத்தான் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அன்றிரவு என் சேர்க்கையை வேறு கண்ணோடு புரட்டினேன். 'லே மலேர் த சொஃபி', 'சோஃபியின் துன்பங்கள்', என் பிரதியில் ஒரு சிறுமி தன் பெயரை ஏழு முறை எழுதிப் பழகியிருக்கிறாள். அதில் சோஃபி தன் மெழுகுப் பொம்மையை வெயிலில் வைக்க, கண் இரண்டும் உருகி உள்ளே விழுந்துவிடும். அந்தப் பக்கத்தில் ஒரு விரல் ரேகை, ஜாமோ மிட்டாயோ தெரியவில்லை. இன்னொன்றில் பரிசுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. வேறொன்றில் நசுங்கிய பன்னீர்ப் பூ. இதெல்லாம் குறையா? கறையே இல்லாத சிறுவர் புத்தகம் என்றால் அதை எந்தச் சிறுவனும் தொடவில்லை என்றுதானே பொருள்? ஆசிரியை அதற்காகவா எழுதினார்? என்னைக் கேட்டால், விலைப்பட்டியலைத் தலைகீழாகப் போட வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. சிலர் சொல்கிறார்கள், இந்தக் கதைகளில் அடி உதை அதிகம், இன்றைய பிள்ளைகளுக்கு ஆகாது என்று. உண்மைதான், சவுக்கடி உண்டு. சிற்றன்னை சோஃபியை விளாசுவாள். 'அன் பொன் பெத்தி தியாபில்' கதையில், அடிக்கும் கிழவியைப் பயமுறுத்தப் பையன் பின்புறத்தில் பிசாசு முகத்தை ஒட்டிக்கொள்வான், நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். 'லே வாக்கான்ஸ்' கதையில் கப்பல் உடைந்து ஒரு சிறுவன் காட்டுமிராண்டிகளிடம் மாட்டிக்கொள்வான். பத்து வயதில் நான் அந்த வெள்ளைக்காரப் பையன் பக்கமே நின்று படித்தேன். என் தோலின் நிறம் யாருடைய நிறத்துக்குப் பக்கம் என்பது நாற்பது வயதில்தான் உறைத்தது.

அதற்காக அந்தப் பக்கங்களை வெட்டிவிடலாமா? என் பேத்தியிடம் இருந்தது ஒரு சுருக்கப் பதிப்பு. பொம்மை இருந்தது, சவுக்கு இல்லை. எனிட் பிளைட்டனின் ஐவர் குழுக் கதைகளுக்கு வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பில், பிள்ளைகளுக்குக் கடினம் என்று பழைய இறந்தகால வினைகளைக்கூட எடுத்துவிட்டு நிகழ்காலம் போட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. குழந்தை ஒன்றும் அவ்வளவு மட்டமில்லை. முழுசாகக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் பேத்தியோடு சவுக்கடி அத்தியாயத்தைப் படித்தேன். "பெரியவங்க தப்புப் பண்ணினா யார் அடிப்பாங்க?" என்று கேட்டாள். மகன் அந்த அறையில்தான் இருந்தான். "யாரும் அடிக்கமாட்டாங்கம்மா, அவங்களே மன்னிப்புக் கேக்கணும்" என்றேன். அவனைப் பார்த்துத்தான் சொன்னேன். சுருக்கப் பதிப்பில் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பூட்டு வேண்டாம் என்றால் நாலு வருஷத்தில் எல்லாம் நாசமாகிவிடும் என்று என் நண்பர் ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அரிய பிரதி, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது நூலகத்தில் இருக்கட்டும். ஆனால் என்னிடம் இருப்பவை ஆயிரக்கணக்கில் அச்சிட்டவை. எனக்குப் பிறகு இவற்றைப் பழைய பேப்பர்காரர்தான் எடைபோடப் போகிறார். அதற்கு முன் நாலு பிள்ளைகள் கை பட்டுக் கிழிவது மேல் இல்லையா? அம்புலிமாமா பைண்டு வால்யூம்களைப் பரண்மேல் கட்டிப்போட்டிருக்கும் நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

பச்சைக் கழுதையைப் பேத்தி பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விட்டாள். இப்போது பதினாறுதான் மிச்சம். பூட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் கைக்கெட்டும் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். பழைய நோட்டில் 'நிலை' என்ற பத்தியை அடித்துவிட்டு 'படித்தவர் பெயர், வயது' என்று எழுதியிருக்கிறேன். இதுவரை மூன்று பெயர்கள். பிரெஞ்சு எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் சாயங்காலத்தில் அழைத்து வாருங்கள். உங்களுக்குக் காப்பி, அவர்களுக்குக் கலர்ப் பென்சில்.