மூடிய கதவும் திறந்த கண்களும்

‘வட கொரியாவுக்குள் நடப்பதை யாரால் அறிய முடியும்?’ என்று கைவிரிப்போர் நம்மிடையே பலர். கேட்பதற்கு இது அறிவடக்கமாய்த் தோன்றலாம். உண்மையில் இது அறிவின் சோம்பலேயாகும்.

மறுபுறம், அந்நாட்டைப் பற்றிக் காதில் விழும் எதையும் நம்பிவிடுவோரும் உளர். பாடகி ஹியோன் சோங்-வோல் சுட்டுக் கொல்லப்பட்டார் என 2013இல் தென் கொரிய நாளேடு எழுதிற்று. உலகமே அதைத் திரும்பச் சொல்லிற்று. அவரோ 2018இல் கலைக்குழுவின் தலைவியாய்ச் சியோலுக்கே வந்து நின்றார்! வதந்தியை நம்புவோர் கொடுங்கோலனுக்கு எதிராக நிற்பதாக எண்ணுகின்றனர். அவன் ஒளிந்துகொள்ளத் திரையையே நெய்து தருகின்றனர்.

அறிஞருள் சிலர் வேறு வழி கண்டனர். ஓர் அரசை அதன் சொந்த இலட்சியங்களைக் கொண்டே அளக்க வேண்டும் என்றார், ஜெர்மனியில் வாழ்ந்த சொங் து-யுல். சரி, அப்படியே அளப்போம். தற்சார்பே தன் உயிர்மூச்சு என்ற அரசின் கீழ், 1990களின் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனரே! அதன் அளவுகோலே அதைக் குற்றவாளியாக்குகிறது. ஆயினும் அந்தச் சாவுகளை அரசின் ஏடுகளிலிருந்து நாம் அறிந்தோமில்லை. தப்பி வந்தோர் வாய்மொழியே பெரிதும் துணைநின்றது.

‘அவர்கள் கசப்புற்றோர், பெரும்பாலும் வட எல்லை மாகாணத்தார்’ என்பர். உண்மைதான். அதற்காகச் சாட்சியை எறிந்துவிடுவதா? எடைபோட வேண்டும்; ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மைக்கேல் கர்பி தலைமையிலான ஐ.நா. விசாரணைக் குழு அதைத்தான் செய்தது. நாட்டுக்குள் நுழைய அதற்கு அனுமதியில்லை. எனவே 80க்கும் மேற்பட்டோரை வெளிப்படையாகவும், 240க்கும் மேற்பட்டோரைத் தனிமையிலும் விசாரித்தது; செயற்கைக்கோள் படங்களோடும் ஒப்புநோக்கி, 2014இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டு, பேர்பெற்ற சாட்சி ஒருவர் தம் கூற்றில் சில பகுதிகளைத் திருத்தியபோது, அறிக்கை முழுவதுமே பொய்யென்று பியோங்யாங் முழங்கியது. ஆனால் ஒரு கல் பெயர்ந்ததால் அக்கட்டடம் சாயவில்லை; அது ஒரு தூணின்மேல் எழுப்பப்பட்டதன்று.

நாம் கற்க வேண்டியது இதுவே: ஐயமும் வேண்டும், செவிசாய்த்தலும் வேண்டும். ஐயமின்றிக் கேட்பவன் ஏமாறுவான். கேளாமலே ஐயுறுபவனோ, சிறைமுகாமில் வாயடைக்கப்பட்டவனை இன்னொரு முறை வாயடைக்கிறான். கதவை மூடியவன் அவ்வரசன். கண்ணையும் மூடிக்கொள்ளும்படி நமக்குக் கட்டளையிட்டவர் யார்?