வீடியோ ஓடாவிட்டால் லினக்ஸைத் திட்டாதீர்கள்

"லினக்ஸ் போட்டோம், வீடியோ ஓடவில்லை, விண்டோஸுக்கே திரும்பிவிட்டோம்." இந்தக் கதையை இன்னும் எத்தனை தடவை கேட்பது?

நாங்கள் தெளிவாகவே சொல்கிறோம். பெடோராவில் பல வீடியோக்கள் ஓடாதது தொழில்நுட்பக் குறைபாடு அல்ல, காப்புரிமையின் வேலை. பெடோராவுக்குப் பின்னால் நிற்கும் ரெட் ஹெட் ஓர் அமெரிக்க நிறுவனம். மென்பொருள் நுட்பத்துக்கும் காப்புரிமை கொடுக்கும் நாடு அது. எம்பி3 காப்புரிமைகள் 2017இல் முடிந்தன. அந்த வருடமே பெடோரா எம்பி3க்கு முழு ஆதரவு கொடுத்தது. அப்படியென்றால் அதுவரை தடுத்தது எது? இன்று எச்.264, எச்.265 வீடியோக்களுக்கும் இதே கதைதான்.

வழி இல்லாமலில்லை. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, பெடோரா தரும் குறைத்த எஃப்எஃப்எம்பெக்கை எடுத்துவிட்டு முழுமையானதைப் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

ஆனால் ஒன்று. யூடியூபில் யாரோ காட்டிய களஞ்சியத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் பொதி நிர்வாகி அதிகாரத்தோடுதான் உள்ளே இறங்குகிறது. முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்போமா?

பிள்ளைகளுக்குக் கட்டளையைக் கொப்பி பண்ண மட்டும் காட்டுவது கற்பித்தல் அல்ல. அது ஏன் தேவைப்படுகிறது, யாரை நம்பிப் போடுகிறோம் என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.